அந்த வரைபடத்தில் இருந்தது என் ரத்தம்

தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியனாக இருந்தேன். டிப்ளமோ படிப்பு. ஈஜிபுராவில் வீடு. சிலிக்கான் சில்லுகளைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. சில்லின் மேல் பூசிய படலத்தில் ஒரு துளி ரத்தம் விட்டால், அதிலுள்ள சர்க்கரைக்கு ஏற்ப மின்னோட்டம் மாற வேண்டும். மாறியது, ஆனால் கண்ணுக்கே தெரியாத அளவு.

ஒரு நாள் சில்லுக்குக் கொடுக்கும் வோல்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். மின்னோட்டம் நிற்கப்போகும் விளிம்பில் வைத்து, விரலைக் குத்தி என் ரத்தத்தையே விட்டேன். மின்னோட்டத்தின் மாற்றம் பல மடங்கு எகிறியது. யூரியாவுக்கான சில்லிலும் அப்படித்தான். அதற்கு வேறு வோல்டேஜ், அவ்வளவே.

முதலில் அவளிடம்தான் சொன்னேன். பக்கத்து மேசையில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்த சேலத்துக்காரி. என் வயதுதான்.

"இப்ப யார்கிட்டயும் சொல்லிக்காத. ரெண்டு பேர் பேருலயும் எழுதலாம்டி" என்றாள்.

மூன்று வாரம் அளந்து, வரைபடம் போட்டு, என் நோட்டை அவளிடமே கொடுத்தேன்.

கருத்தரங்கில் அவள் பேச, புரொஜெக்டரில் கண்ணாடித் தாள்களை மாற்றி வைத்தது நான். முதல் தாளில் அவள் பெயரும் எங்கள் ஆய்வுக்கூடப் பேராசிரியர் பெயரும். நான்காவதில் என் வரைபடம். கடைசித் தாளின் அடியில், 'உதவிய ஊழியர்களுக்கு நன்றி'.

வெளியூரிலிருந்து வந்த ஒருவர், சூடு ஏறினால் அளவு தவறாதா என்று கேட்டார். அவள் திகைத்து என்னைப் பார்த்தாள். படலம் பூசாத சில்லு ஒன்றைப் பக்கத்தில் வைத்து, அதன் அளவைக் கழித்துவிடலாம் என்று நான் சொல்லிவிட்டேன். கைதட்டல் அவளுக்கு.

வராந்தாவில் கேட்டேன். "என் பேர் எங்க?"

"சார்தான் வேணாம்னுட்டாரு. டிப்ளமோன்னா கேள்வி வருமாம்."

மறுநாள் பேராசிரியர் அறைக்குப் போனேன். நோட்டைப் புரட்டியவர் நிமிர்ந்தார். "இது நீங்க செஞ்சதா? அந்தப் பொண்ணு ஒரு வார்த்தை சொல்லலியேம்மா. கட்டுரை அச்சுக்குப் போயிடுச்சே. அடுத்ததுல பாப்போம்."

அடுத்தது வரவில்லை. ஆறு மாதத்தில் ஆனேக்கல் பக்கம் மீட்டர் செய்யும் தொழிற்சாலைக்கு மாறிக்கொண்டேன். அவள் கல்யாணப் பத்திரிகை அனுப்பினாள், போகவில்லை. அவள் செய்ததைவிட, அந்தக் கேள்விக்கு நான் வாய் திறந்ததை நினைத்தால்தான் இன்றும் எனக்கு மனம் ஆறவில்லை.