நஜ்முன்னிசா கேட்ட நடுவர்

மலாக்காவின் காஜா பெராங்கில் கைலிக்கடை நடத்திய நஜ்முன்னிசா புருஷன் மௌத்தான மறுமாதமே கல்லாவில் உட்கார்ந்தவள். எதற்கும் அசராதவளை ஒரு பொதி கைலி ஆட்டிவைத்தது. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்த சரக்கு, சாயம் நிற்கவில்லை. மலாய் பேசும் செட்டிகள் குடியிருந்த செட்டிக் கம்பத்து மீனாச்சி தன் புருஷனைக் கடைக்கே இழுத்து வந்து, அவனுடைய நீலக்கால்களைக் காட்டி மலாயில் ஒரு பாட்டம் திட்டிவிட்டுப் போனாள். பொதியைத் திருப்பி அனுப்பாவிட்டால் கடையை மூட வேண்டியதுதான்.

சரக்கை அனுப்பிய நாகை முதலாளியின் ஆள் சிஹாபுதீன் மலாக்காவில்தான் இருந்தான். வெள்ளைக்காரன் கோர்ட்டுக்குப் போனால் வழக்கு முடிவதற்குள் சரக்கு மக்கிவிடும். மார்க்கச் சட்டப்படி நடுவர் வைக்க இருவரும் ஒப்பினார்கள்.

"யாரை வைக்கலாம் லாத்தா?" என்று அக்கா முறை வைத்துக் கேட்டான் சிஹாபுதீன்.

"உன் மாமு ஜெய்னுலாப்தீனை."

"என் சொந்தக்காரரையா!"

"ஆமா தம்பி. உன் பக்கம் சாய்ஞ்சா ஊரே காறித் துப்பும். அந்தப் பயம் அவருக்கு இருக்கும்."

விசாரணை கடையிலேயே நடந்தது. சிஹாபுதீன் பின்கட்டை எட்டிப் பார்த்தான். வாளியின் மேல் ஒரு நீலக்கைலி, தரை துடைக்கும் துணியாகத் தொங்கியது.

"பார்த்தீங்களா மாமு! குறை தெரிஞ்ச பிறகும் எடுத்துப் புழங்கியிருக்காங்க. சரக்கை ஏத்துக்கிட்டதாத்தானே அர்த்தம்?"

நஜ்முன்னிசா வாளியைத் திரும்பிப் பார்த்தாள். வீணாகிறதே என்று எடுத்த துணி. குறை தெரியுமுன்பே எடுத்தது என்று சொல்லித் தப்பலாம்.

"தெரிஞ்சுதான் எடுத்தேன். தரையும் நீலமாப் போச்சு."

ஜெய்னுலாப்தீன் தாடியை நீவினார். "புழங்கினது உங்களுது, அதுக்கு விலை கொடுத்துடணும். மிச்சமெல்லாம் திரும்பிப் போகட்டும்."

"ஒண்ணை ஏத்துக்கிட்டா எல்லாத்தையும் ஏத்துக்கிட்ட மாதிரிதானே?"

"ஒவ்வொண்ணும் தனி உருப்படி. ஜோடிச் செருப்பா இது?"

"இந்தத் தீர்ப்பு எனக்கு வேணாம். நான் கோர்ட்டுக்குப் போறேன்!"

"நான் வாயைத் திறக்குறதுக்கு முன்னாடி எழுந்திருந்தா போயிருக்கலாம் மருமவனே. சொன்ன பிறகு தீர்ப்பு ரெண்டு பேரையும் கட்டும்."

சிஹாபுதீன் முனகிக்கொண்டே பொதியை மாட்டுவண்டியில் ஏற்றினான்.

"அடுத்த சரக்கை நனைச்சுப் பார்த்துட்டு அனுப்பச் சொல்லு" என்றாள் நஜ்முன்னிசா.

"இன்னமும் எங்ககிட்டதான் வாங்குவீங்களா லாத்தா?"

"வேற யாருகிட்ட? உன் மாமு இந்த ஊர்லதானே இருக்காரு."