ஏர்கோன் கனகராஜின் திராட்சைக் கொடி

ஏர்கோன் மூடியைத் திறந்து, ஃபில்டரை உருவி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக் கனகராஜ் அண்ணன் ஒரு பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சுக்குப் பயந்தே எங்கள் சபையில் பாதிப் பேர், அவர் வருவதற்கு முதல் நாள் ஃபில்டரைத் தாங்களே கழுவி மாட்டிவிடுகிறார்கள். "வெளிய ஜில்லுன்னு காத்து வருது, சிஸ்டர். உள்ள பாருங்க. நம்ம மனசும் இப்படித்தான்லா," என்பார். இதைக் கேட்டு வீட்டுக்காரர் ஆமாம் என்று தலையாட்டிய பிறகுதான் தண்ணீர் பம்பின் சுவிட்சைத் தட்டுவார். அவசரக்காரர்கள் அவர் வேனை விட்டு இறங்கும்போதே தலையாட்டத் தொடங்கிவிடுவதுண்டு.

ஜொகூரில் பெர்மாஸ் ஜெயா என்னும் தாமானில், அதாவது குடியிருப்பில், என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். வயது ஐம்பத்தெட்டு. குட்டையான, உருண்டையான உடம்பு. ஏணியில் ஏறினால் மட்டும் அந்த உடம்புக்கு எடையே இருப்பதில்லை. முப்பது வருடமாக ஏர்கோன் என்கிற ஏசியைக் கழுவிப் பழுது பார்ப்பதே தொழில், தொழிலில் ஒரு குறை சொல்ல முடியாது. கம்ப்ரசரில் காதை வைத்துக் கேட்டே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். ஆனால் எதையும் தூக்கிப் போட மாட்டார். அவருடைய வெள்ளை வேனுக்குள் செத்துப்போன ஃபேன் மோட்டார்கள், மூடியில்லாத ரிமோட்டுகள், யார் வீட்டிலோ கழற்றிய செம்புக் குழாய்த் துண்டுகள் என்று கூரை வரை அடைந்து கிடக்கும். அவர் மனைவி செல்வராணி அக்கா ஞாயிறு ஆராதனைக்குப் போகும்போது முன் சீட்டில், மடியில் ஒரு மோட்டாரை வைத்துக்கொண்டுதான் போவார். "என்னைக்காச்சும் ஒதவும்," என்பார் அண்ணன். அந்த என்றைக்காவது இதுவரை வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

பேச்சிலும் அப்படித்தான், எதையும் விட மாட்டார். தினமும் காலை ஐந்து பத்துக்குச் சபையின் வாட்சப் குழுவில் 'இன்றைய பாடம்' என்று ஒரு குரல் பதிவு வந்து விழும். நான் சிங்கப்பூரில் வேலை செய்கிறவன். அந்த நேரத்தில் சிங்கப்பூருக்குப் போகும் ஜொகூர் பாலத்து நெரிசலில் பஸ்ஸுக்குள் நின்றுகொண்டிருப்பேன். ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது. ஒரு நாள் மைனா, ஒரு நாள் நத்தை, ஒரு நாள் ரைஸ் குக்கர். எதைப் பார்த்தாலும் அதில் ஆவிக்குரிய வளர்ச்சிக்கு ஒரு பாடம் அவருக்குக் கிடைத்துவிடும். பதினோரு நிமிடத்துக்குக் குறைந்த பாடத்தை நான் கேட்டதில்லை. பாஸ்டர் ஒரு முறை, "பிரதர், ரெண்டு நிமிஷத்துல சுருக்கமா சொன்னா எல்லாருக்கும் பிரயோஜனமா இருக்கும்," என்று பக்குவமாக எழுதினார். இரண்டு நிமிடம் ஏன் போதாது என்பதை விளக்கி அண்ணன் ஏழு நிமிடப் பதிவு ஒன்றை அனுப்பினார்.

பாடம் நன்றாகத்தான் இருக்கும். அதுதான் சங்கடமே. "ஆபத்து வந்தா பல்லி என்னா பண்ணுது? வால விட்டுட்டு ஓடுது. ஐயோ என் வாலுன்னு ஒக்காந்து அழுவுதா? விட்டாத்தான் புதுசா மொளைக்கும். நாமளும் விட வேண்டியத விடணும்லா," என்று ஒரு நாள் பேசினார். நான் உண்மையிலேயே கொஞ்சம் யோசித்துப்போனேன். அன்று மாலை வேலை முடிந்து வரும்போது, பக்கத்துத் தெருவில் யாரோ வெளியே வைத்திருந்த உடைந்த மேசை விசிறியை அவர் வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார். எறும்பின் சுறுசுறுப்பைப் புகழ்ந்து பேசிய அன்றைக்கே கடையில் எறும்பு மருந்து வாங்கியதையும் பார்த்திருக்கிறேன்.

என்னையும் பாடமாக்கியிருக்கிறார். "நம்ம தாமான்ல ஒரு சகோதரர், பேரு வேணாம், தெனமும் பாலத்தத் தாண்டி வேலைக்குப் போறவரு. அவரு வீட்டு ஏர்கோனத் தொறந்தா உள்ள பல்லி முட்ட நாலு. நமக்குத் தெரியாமயே நம்ம உள்ளத்துல என்னென்னமோ குடியிருக்கு," என்று ஆரம்பித்தார். எங்கள் சபையில் பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போகிறவர்கள் மூன்றே பேர். மற்ற இருவர் வீட்டிலும் ஏர்கோன் கிடையாது. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நான்கு பேர் என்னிடம் வந்து பல்லி முட்டை பற்றி விசாரித்தார்கள். ஒருவர் எனக்காக ஜெபிப்பதாகவும் சொன்னார். அந்தக் கோபத்துக்கு நான் ஒரு மாதமாவது அவரோடு பேசாமல் இருந்திருக்க வேண்டும். ஆனால் சனிக்கிழமை காலையில், "தம்பி, ஏணி புடிக்க ஆள் இல்ல," என்று வாசலில் வந்து நின்றார். நானும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் நான்தான் ஏணி பிடிக்கிறேன்.

அண்ணனின் பாடங்களுக்கெல்லாம் தாய்ப்பாடம் ஒன்று உண்டு. திராட்சைச் செடியும் அதன் கொடிகளும் பற்றிய உவமை. கொடி அதிகமாகக் கனி கொடுப்பதற்காகத் தோட்டக்காரர் அதை நறுக்கிச் சுத்தம் பண்ணுகிறார் என்ற அந்தச் செய்தி அவருக்கு உயிர். மாதத்தில் இரண்டு தடவையாவது வந்துவிடும். "வெட்டுனா வலிக்கும். வெட்டலன்னா கனி இல்ல," என்று சொல்லும்போது குரல் தழுதழுக்கும். மற்றவர்களுக்குக் கண்ணால் காட்ட வேண்டும் என்றே நான்கு வருடத்துக்கு முன் நர்சரியிலிருந்து ஒரு திராட்சைச் செடி வாங்கி வந்து வாசலில் நட்டார். மாடி அறை ஏர்கோனிலிருந்து சொட்டும் தண்ணீரைக் குழாய் வைத்து அதன் வேருக்கே விட்டார். அதற்கும் ஒரு பாடம் சொன்னார், மறந்துவிட்டேன்.

கொடி வளர்ந்தது. கார் நிறுத்தும் இடத்தின் மேல்கம்பிகளை மூடி, வீட்டு எண்ணை மூடி, செல்வராணி அக்கா துணி காயப்போடும் கயிற்றையும் பிடித்துக்கொண்டது. கடிதம் கொண்டு வருகிறவர் குழம்பிப்போய் இரண்டு தடவை என் வீட்டில் போட்டுவிட்டுப் போனார். இலை ஒவ்வொன்றும் உள்ளங்கையை விடப் பெரியது. பழம் என்று ஒன்று கூட இல்லை. அண்ணன் காலையும் மாலையும் கிளை வெட்டும் கத்தரியோடு அதனடியில் போய் நிற்பார். பழுத்த இலை ஒன்றையும் காய்ந்த நுனி ஒன்றையும் கத்தரிப்பார். பிறகு ஒரு பச்சை இலையைத் தடவிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவார். "காத்திருக்கணும் தம்பி," என்பார். அந்த நான்கு வருடத்தில் பொறுமையைப் பற்றிய பதிவுகள் மட்டும் அறுபதைத் தாண்டியிருக்கும்.

சென்ற வருட அறுப்பின் பண்டிகையில்தான் வம்பு பிறந்தது. அன்றைக்கு அவரவர் வீட்டில் விளைந்ததைக் கொண்டுவந்து ஆலயத்தின் முன்னால் காணிக்கையாக வைப்பது வழக்கம். வாழைத்தார், மரவள்ளிக் கிழங்கு, கோழி முட்டை எல்லாம் வரும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் பிஸ்கட் டின் கொண்டுவருவார்கள், கர்த்தர் கோபித்துக்கொள்வதில்லை. அண்ணன் பித்தளைத் தட்டு நிறையத் திராட்சை இலைகளை அடுக்கிக் கொண்டுவந்து வைத்தார். ஆராதனைக்குப் பிறகு பொருட்களைப் பகிர்ந்துகொண்டபோது, எஸ்தர் சிஸ்டர் அதை ஏதோ கீரை என்று நினைத்து வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் எல்லாரும் இருக்கும்போது, "பிரதர், ஒங்க கீர கொஞ்சம் புளிப்பு. பருப்பு போட்டுக் கடைஞ்சா நல்லாருக்கு. இன்னும் இருக்கா?" என்று கேட்டார்.

சிரிப்பு அடங்கியது. பிறகு அண்ணன் எழுந்து, "அடுத்த வருஷம் இதே தட்டுல திராட்சக் கொல வரும். கர்த்தர் கைவிட மாட்டாரு," என்றார். பாஸ்டர் அதைக் குறித்துக்கொண்டுவிட்டார். இந்த வருடத்தின் சபை நாட்காட்டி அச்சாகி வந்தபோது, அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கு நேரே, 'அறுப்பின் பண்டிகை. திராட்சைக் குலைக் காணிக்கையும் மூன்று நிமிடச் சாட்சியும்: சகோதரர் கனகராஜ்' என்று இருந்தது. இருபது வருடமாக அந்த மேடையில் ஏறிப் பேச ஆசைப்பட்ட மனிதர். நாட்காட்டியை என்னிடம் கொண்டுவந்து காட்டியபோது கண் கலங்கியிருந்தார். எனக்குப் பாவமாக இருந்தது, ஏனென்றால் கொடியில் அப்போதும் இலைதான்.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை அய்யூப் பாயின் சாப்பாட்டுக் கடையில் நான்கு ஏர்கோன்களைக் கழுவப் போனோம். வெளிப் பெட்டிகளைப் பார்க்கக் கடையின் பின்புறம் போன அண்ணன் பாதி வழியில் நின்றுவிட்டார். பாத்திரம் கழுவும் இடத்துக்கு மேலே கம்பிப் பந்தலில், கறுத்துப் பழுத்த திராட்சைக் குலைகள் ஏழெட்டுத் தொங்கின.

"பாய், இதுக்கு என்னா ஒரம் போடுறீங்க?" என்றார். அவர் குரல் வழக்கத்தில் பாதிதான் இருந்தது.

"ஒரம்லாம் பெருசா ஒன்னுமில்ல. வெட்டுறதுதான்," என்றார் அய்யூப் பாய்.

"எத?"

"எல்லாத்தையும். வருஷத்துக்கு ரெண்டு தடவ. எலைய ஒன்னு விடாம உருவிட்டு, பச்சக் கெளைய ஒரு சாண் விட்டு நறுக்கிருவேன். பாத்தா செத்துப் போச்சுன்னு நெனப்பீங்க. அப்புறம் புதுசா வர்ற குருத்துலதான் பூ வைக்கும். நம்ம ஊருல குளுரா இருக்கு, அதுவா எல கொட்ட? வெட்டாம விட்டா எலையா விட்டுக்கிட்டே கெடக்கும். வெட்டி நூத்திப் பத்து நாள்ல பழம் சாப்புடலாம்."

அண்ணன் குலைகளையும் பாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னங்க அப்படிப் பாக்குறீங்க? நீங்க சொன்னதுதானே," என்றார் பாய். "ரெண்டு வருஷம் முன்ன இதே ஏணில நின்னுக்கிட்டு ஒரு மணி நேரம் சொன்னீங்க. வெட்டுனா வலிக்கும், வெட்டலன்னா கனி இல்லன்னு. எனக்கும் அதுவரைக்கும் எலதான். சரி, வெவரம் தெரிஞ்சவரு சொல்றாரேன்னு அன்னைக்கு சாயந்தரமே வெட்டிட்டேன். இருங்க, ஒங்களுக்கு ஒரு கொல தாரேன்."

திரும்பி வரும்போது அந்தக் குலை என் மடியில் இருந்தது. பண்டிகைக்கு இன்னும் நூற்றிருபது நாள். "பாய்கிட்ட அக்டோபர்ல ஒரு கொல வாங்கி வச்சிட்டா யாருக்குத் தெரியப் போவுது, அண்ணே?" என்றேன். "எனக்குத் தெரியும்லா," என்றார். அதிலிருந்து ஒரு பாடமும் எடுக்கவில்லை. வீட்டில் செல்வராணி அக்கா முழுக் கதையையும் கேட்டுக்கொண்டு ஒரு பழத்தை வாயில் போட்டார். "நாலு வருஷமா நானும் வெட்டுங்கன்னுதான் சொல்றேன், துணி காயப் போட எடமில்லன்னு. அப்ப மண்டையில ஏறல," என்றார்.

அப்போதும் அண்ணன் வெட்டவில்லை. "காஞ்சத வெட்டலாம் தம்பி. பச்சையா இருக்கறத எப்படி வெட்டறது?" என்றார். திங்கட்கிழமை பாடம் பொறுமை, பதின்மூன்று நிமிடம். புதன்கிழமை அவசரப்படாதிருத்தல், பத்தொன்பது நிமிடம். அன்றைக்குப் பாலத்தில் அதிசயமாக நெரிசல் இல்லை. பஸ் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்துவிட்டது, அண்ணன் இன்னும் முன்னுரையில் இருந்தார்.

வெள்ளிக்கிழமை மாலை என்னைக் கூப்பிட்டுக் கொடியின் கீழே நிறுத்திக்கொண்டார். "வெட்டி, அதுக்கப்புறமும் காய்க்கலன்னா? போன வருஷம் எலையாச்சும் இருந்துச்சு. இந்த வருஷம் தட்டுல என்னத்த வைப்பேன் தம்பி? எல்லாரும் பாத்துக்கிட்டு இருப்பாங்க," என்றார். ஊரில் உள்ளவர்கள் மனசையெல்லாம் திறந்து பார்த்துப் பெருமூச்சு விட்ட மனிதர் இப்படிப் பயந்து நிற்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது. பல்லி முட்டைக் கோபம் கூட அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. "நாளைக்கு வெட்டாம விட்டா அடுத்த சனிக்கு நூத்தி ஆறு நாள்தான் இருக்கும், அண்ணே. பாய் சொன்னது நூத்திப் பத்து," என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலை ஐந்து பத்துக்குப் பாடம் வரவில்லை. ஆறு மணிக்கு எஸ்தர் சிஸ்டர், 'பிரதர் சுகமா?' என்று குழுவில் கேட்டார். ஏழு மணிக்குப் பாஸ்டரும் கேட்டார். தினமும் சலித்துக்கொண்ட அத்தனை பேரும் ஒவ்வொருவராக விசாரிக்கத் தொடங்கினார்கள். எட்டு மணிக்கு நான் போனபோது அண்ணன் ஏணியின் உச்சியில், இலைகளுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார். ஒரு கையில் கத்தரி, ஒரு கையில் கைப்பேசி. கீழே செல்வராணி அக்கா கறுப்புக் குப்பைப் பையை வைத்துக்கொண்டு நின்றார். ஏழு மணியிலிருந்து இப்படியே நிற்பதாக அவர் கண்ணாலேயே சொன்னார். நான் போய் ஏணியைப் பிடித்தேன்.

"பாடத்தப் போட்டுட்டு வெட்டறேன்," என்றார் அண்ணன். பதிவுப் பொத்தானைக் கட்டை விரலால் அழுத்தினார். "அன்பான சகோதர சகோதரிகளே, இன்னைக்கு நாம," என்று தொடங்கினார். முகத்துக்கு நேரே விரல் தடிமனில் ஒரு பச்சைக் கொடி, நுனியில் இளந்தளிர். அதைப் பார்த்தார். தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் போயிற்று. பிறகு கத்தரி ஒரு தடவை நறுக்கென்றது. கட்டை விரல் தானாக விலகியது, பதிவு குழுவுக்குப் போய்விட்டது. மொத்தம் பதினான்கு விநாடி. அடுத்த நிமிடமே ஆமென், ஆமென் என்று குழுவில் வரிசையாக வந்து விழுந்தன. அண்ணன் அதை எடுத்துப் பார்க்கவில்லை. உச்சி வெயில் வரை ஒரு வார்த்தை பேசாமல் வெட்டினார். வீட்டு எண் இருபத்தேழு என்பது வெகு நாளைக்குப் பிறகு வெளியே தெரிந்தது. கம்பியில் நான்கைந்து குச்சிகள் மட்டும் மிஞ்சின.

கீழே இறங்கி, விழுந்து கிடந்ததையெல்லாம் அவரே வாரிப் பைகளுக்குள் அடைத்தார். ஆறு பை வந்தது. கடைசிப் பையைக் கட்டக் குனிந்தபோது செல்வராணி அக்கா அதன் வாயை விடவில்லை. அகலத் திறந்து பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஏணியைப் பார்த்தேன். கடைசியில் அவர் சட்டைப் பைக்குள் கையை விட்டு, மூக்குக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, இரண்டு இலையோடு விரல் நீளத்துக்கு ஒரு பச்சைத் துண்டை எடுத்தார். அதையும் பைக்குள் போட்டார்.