இடது கை வெட்டு

நூல் பிடித்தாற்போல் வெட்டுவார் என்பதால் பட்டறையில் அவருக்கு ‘நூலு’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. இருபத்திரண்டு வருடமாக இழுப்பறைகள் செய்துவந்தார். ஆணி கிடையாது, திருகு கிடையாது. ஒரு பலகையின் முனையில் புறாவின் வால்போல் விரியும் பற்கள், மற்றதில் அவை போய் உட்காரும் பள்ளங்கள். தட்டி இறக்கிவிட்டால் யார் இழுத்தாலும் பிரியாது.

வட்ட ரம்பம் ஒருநாள் அவருடைய வலது கையில் நான்கு விரல்களை எடுத்துக்கொண்டது. கட்டைவிரல் மட்டும் மிச்சம். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும், “என் மேசையில இப்ப யாரு நிக்கிறா?” என்றுதான் கேட்டார். அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

முதலாளி கெட்டவர் இல்லை. நல்லவர் என்று சொல்லவும் வாய் வரவில்லை. “நாலு மாசம் உன் மேசையைக் காலியா வெக்கிறேன், நூலு. அதுக்குள்ள என் கண் முன்னாடி, யார் துணையும் இல்லாம, ஒரே ஒரு புறா வால் மூட்டு போட்டுக் காட்டு. முடியலன்னா வாசல்ல காவலுக்கு உக்காரு” என்றார்.

காவலுக்கு உட்காருவதைவிடச் செத்துப்போகலாம் என்று நூலு வீட்டில் வந்து கத்தினார். பின்னறை ஜன்னலோரம் பழைய சாப்பாட்டு மேசையை ஆடாமல் சுவரோடு சேர்த்து அடித்தார். மனைவி, தான் வேலை பார்க்கும் கிடங்கிலிருந்து உடைந்த பெட்டிப் பலகைகளைக் கொண்டுவந்து போட்டாள். ரம்பம் இடது கைக்கு மாறியது. உளியையும் இடது கையில் பிடித்து, கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியலைத் தோல்வாரால் வலது மணிக்கட்டில் கட்டிக்கொண்டு அடித்தார். முதல் மாதம் போட்ட மூட்டுகளின் இடுக்கில் தீக்குச்சி தாராளமாகப் போனது. ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்த மனைவி, “இதுல எலி குடும்பத்தோட குடியிருக்கலாங்க” என்றாள். அவர் அதைப் பிடுங்கிச் சுவரில் எறிந்தார். இரண்டு நாள் அவளிடம் பேசவில்லை.

கோடு போடத்தான் வழி இல்லை. கோடு நேராக விழ மூலைமட்டத்தை அணைத்துப் பிடிக்க ஒரு கை, பென்சிலுக்கு ஒரு கை. அவர் சொல்லச் சொல்ல அவளே போட்டாள். வெட்டி எறிய வேண்டிய இடங்களில் ஒரு பெருக்கல் குறியும் போடுவாள். தச்சு வேலையில் அதுதான் வழக்கம். குறி இருந்தால் போகிற மரம், இல்லையென்றால் நிற்கிற மரம். கடைசி மாதம் மூலைமட்டத்தை கிளாம்ப் போட்டு இறுக்கிக் கோட்டை அவரே போடப் பழகிவிட்டார். குறியை மட்டும் அவள் பழக்கதோஷத்தில், கிடங்குக்குக் கிளம்பும் அவசரத்திலும் வந்து போட்டுவிட்டுப் போனாள். இருவருமே அதை ஒரு வேலையாக நினைக்கவில்லை. மூட்டின் இடுக்கில் இப்போது காகிதம்கூட நுழையவில்லை.

அந்த நாள் வந்தது. முதலாளி மெஷின்களை நிறுத்தச் சொன்னார். எல்லோரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். நூலு முதல் பலகையில் பற்களை வெட்டி முடித்தார். அதை இரண்டாவது பலகையின் முனையில் வைத்து அச்செடுத்துக் கோடு போட்டார். ரம்பம் கோட்டைவிட்டு மயிரிழைகூட விலகவில்லை. “இடது கைன்னு சத்தியம் பண்ணாலும் நம்ப மாட்டாங்க” என்று பாலிஷ்காரர் பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தார். அது நூலுவின் காதில் விழுந்தது. நாலு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக அவருக்குச் சிரிப்பு வந்தது.

உளி வேலையும் முடிந்தது. இரண்டு பலகைகளையும் சேர்த்து வைத்தார். பல்லுக்கு நேரே பல் வந்து முட்டியது. திருப்பி வைத்தார். அப்போதும் முட்டியது. விட வேண்டிய மரத்தை வெட்டி, வெட்ட வேண்டிய மரத்தை விட்டிருந்தார். முதல் பலகையில் பல்லின் உருவமே வழிகாட்டிவிடும். இரண்டாவதில் வெறும் கோடுகள்தான்; எது போகிற மரம் என்று குறிதான் சொல்லும். அதைப் போட வேண்டும் என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை.

முதலாளி பலகையை வாங்கி வெட்டுகளைத் தடவிப் பார்த்தார். “கையில ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனா இருபத்திரண்டு வருஷம் செஞ்ச ஆளு எதை வெட்டணும்னே மறந்துட்டியே, நூலு. இது மெஷின் ஓடுற இடம். புத்தி தடுமாறுற ஆள உள்ள விட எனக்குப் பயமா இருக்குப்பா.”

என் புத்திக்கு ஒன்றும் இல்லை, குறியை என் மனைவி போடுவாள் என்று சொல்ல வாயெடுத்தார். யார் துணையும் இல்லாமல் என்பதல்லவா பேச்சு? சொன்னால் பழி அவள் தலையில் விழும். விழுங்கிக்கொண்டார். “இன்னொரு பலகை குடுங்க முதலாளி” என்று மட்டும் கேட்டார்.

“வேணாம், நூலு” என்று சொல்லிவிட்டு, மெஷினைப் போடச் சொல்லி முதலாளி கையைக் காட்டினார்.

மனைவி அன்று அரைநாள் லீவு போட்டு வீட்டில் காத்திருந்தாள். நடந்ததை அவர் சொல்லி முடித்ததும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“அந்தக் குறியை நான் போடாமலே இருந்திருக்கணும்” என்றாள்.

“உன்மேல என்ன தப்பு? திங்கக்கிழமை வாசலுக்கு வரச் சொல்லியிருக்காரு. போறேன்.”

அவள் எழுந்துபோய் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பிறகு, “வெட்டு எப்படிங்க விழுந்துச்சு?” என்று கேட்டாள்.

நூலு இடது கையைத் திருப்பிப் பார்த்தார். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை உடைந்தது.

“வலது கையிலகூட நான் அப்படி வெட்டினதில்ல” என்றார்.