தம்பிக்கு என்னென்ன தெரியாது

என் தம்பிக்கு மாற்றுத்திறனாளி பென்ஷன் கிடைக்காமல் போனதற்குக் காரணம், விசாரிக்க வந்தவரை அவன் நன்றாக உபசரித்ததுதான்.

தம்பிக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. பிறந்தபோது மூச்சு வரத் தாமதமானதில் மூளையில் ஏதோ ஆகிவிட்டது. மனசு ஏழெட்டு வயதிலேயே நின்றுவிட்டது. அப்பா இறந்த பிறகு லிங்கராஜபுரம் வீட்டில் அம்மாவும் அவனும் மட்டும்தான். நான் கல்யாணமாகி விவேக் நகரில் இருக்கிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை, முட்டிவலி எல்லாம் சேர்ந்துகொண்டன. தனக்குப் பிறகு அவன் பெயரில் மாதாமாதம் ஏதாவது வரவேண்டும் என்ற பயம் அவளுக்கு. அதனால்தான் எழுதிப் போட்டோம். ஆஸ்பத்திரி சர்டிபிகேட் இருந்தது. ஆபீசிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து பார்க்கவேண்டியதுதான் பாக்கி.

அவர் வந்து பெல் அடித்தபோது அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். தம்பிதான் கதவைத் திறந்தான். "கூத்கொள்ளி சார்" என்று கன்னடத்தில் உட்காரச் சொல்லி, நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டு, தண்ணீரும் கொடுத்திருக்கிறான். என்ன செய்கிறாய் என்று அவர் கேட்க, பால் வாங்குவது, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் நாற்காலி போடுவது, அம்மாவைப் பார்த்துக்கொள்வது என்று ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறான். ஈரத்தலையோடு அம்மா வெளியே வந்தபோது அவர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். "நல்ல பையன்மா" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

தன் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்கிறார், வேலை செய்யத் தகுதியுள்ளவர், எனவே நிராகரிக்கப்படுகிறது என்று பதில் வந்தது.

"அக்கா, எனக்கு என்ன மார்க் போட்டிருக்காங்க?" என்று கேட்டான் தம்பி.

"நல்லாத்தான் போட்டிருக்காங்க" என்றேன்.

மேல்முறையீட்டை நானே கன்னடத்தில் எழுதிக் கொடுத்தேன். விசாரணைக்கு அவனையும் கூட்டிவரச் சொன்னார்கள். கிறிஸ்துமஸுக்கு எடுத்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் தண்ணீர் தொட்டுச் சீவிக்கொண்டு, எங்களுக்கு முன்னால் வாசலில் நின்றான்.

"ஆபீஸ்ல நீ ஒண்ணும் பேசாத கண்ணு" என்றாள் அம்மா.

"ஏம்மா?"

"அக்கா பேசுவா."

மேலதிகாரி ஒரு பெண். நல்லவர்தான். அவருக்குத் தமிழ் தெரிந்திருந்தது. ஃபைலை ஒரு தடவை புரட்டிவிட்டு நேராக அவனையே கேட்டார். "என்னப்பா, வீட்ல என்ன வேலை செய்வே?"

தம்பி அம்மாவைப் பார்த்தான். பேசக்கூடாது என்று சொல்லியிருக்கிறாள், ஆனால் மேடம் கேட்கிறாரே என்ற தவிப்பு அவன் முகத்தில் தெரிந்தது. பிறகு எழுந்து நின்றான். "எல்லா வேலையும் செய்வேன் மேடம். பால் வாங்குவேன். சர்ச்ல சேர் போடுவேன். அம்மாவ நான்தான் பாத்துக்குறேன்."

அவர் எங்களைப் பார்த்தார். "நல்லா பேசறாரே! அவரால எது முடியாதுன்னு நீங்க சொன்னாத்தான் நான் எழுத முடியும்மா."

நான் டாக்டர் எழுதிக் கொடுத்ததை எடுத்து நீட்டப் போனேன். அம்மா என் கையைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

பையனுக்கு என்ன என்று யார் கேட்டாலும், "ஒண்ணும் இல்ல, கொஞ்சம் மெதுவு" என்று மட்டுமே சொல்லிவந்தவள் அவள். சொந்தக்காரர்களிடமும் அதுதான், என்னிடமும் அதுதான்.

"பால் வாங்கப் போவான் மேடம். நான் மொதல்லயே கடைக்குப் போன் பண்ணிடுவேன். அவங்க பையில போட்டு ரெடியா வெச்சிருப்பாங்க. இவன் போறப்ப பின்னாடியே நானும் போவேன். இவன் திரும்பிப் பாத்தா, பூக்காரம்மா வண்டிக்குப் பின்னால நின்னுக்குவேன். இவனுக்குத் தெரியாது. சர்ச்ல சேர் போடுவான். போட்டு முடிச்சதும் பாஸ்டர் ஜெபம் பண்ணலாம் வான்னு உள்ள கூட்டிட்டுப் போயிடுவாரு. அதுக்குள்ள வேற ஆளுங்க எல்லாத்தையும் சரியா மாத்திப் போட்டுடுவாங்க. குளிப்பாட்டுறது நான்தான். பாத்ரூம் போயிட்டு வந்தா கழுவி விடுறதும் நான்தான்."

"அம்மா" என்றான் தம்பி.

அவள் திரும்பவில்லை. "இவனால தனியா ஒண்ணுமே முடியாது மேடம். நான் இல்லேன்னா இவன் இருக்க மாட்டான்."

இதில் பாதி எனக்கே தெரியாது. அந்தம்மா தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். தம்பி நின்றுகொண்டே இருந்தான். அவனை உட்காரச் சொல்ல எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

ஆட்டோவில் திரும்பினோம். பாதி வழி வந்த பிறகு தம்பி மெதுவாகக் கேட்டான். "பூக்காரம்மாவுக்கும் தெரியுமா?"

"தெரியும்" என்றாள் அம்மா.

பென்ஷன் அனுமதியாகி வந்தது. ஆனால் தம்பி பால் வாங்கப் போவதை நிறுத்திவிட்டான். "நீயே போம்மா. எதுக்கு ரெண்டு பேரு போகணும்?" என்றான். ஞாயிற்றுக்கிழமை அவனைக் காணாமல் பாஸ்டரே வீட்டுக்கு வந்து கூப்பிட்டார். "நான் போட்டா நீங்க மறுபடி போடணும் பாஸ்டர்" என்று கட்டிலில் படுத்தபடியே சொல்லிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அம்மாவால் தாங்க முடியவில்லை. ஒரு நாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "அன்னைக்கு நான் சொன்னதெல்லாம் பொய்டா கண்ணு. பென்ஷன் வரணும்னு சும்மா சொன்னேன்" என்று சொல்லியிருக்கிறாள்.

அவன் எழுந்து உட்கார்ந்தானாம். "நெஜமாவா?" என்று கேட்டானாம். முகமெல்லாம் சிரிப்பாம்.

பிறகு அவன் போய் ஜன்னலைச் சாத்தியிருக்கிறான். "அப்போ நான் வெளிய வரவே கூடாதும்மா. நான் பால் வாங்குறத யாராவது பாத்துட்டா, பொய் சொன்னேன்னு உன்னைப் போலீஸ் புடிச்சிட்டுப் போயிடும்."

அன்றிலிருந்து அவன் தெருவுக்கு வருவதில்லை. பெல் சத்தம் கேட்டால் உள்ளறைக்குப் போய்க் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்துகொள்கிறான். பொய் சொல்லவில்லை என்று சொன்னால் அவன் மறுபடி உடைந்துபோவான், பொய்தான் என்றால் பயப்படுகிறான். பயமே பரவாயில்லை என்று அம்மா முடிவு செய்துவிட்டாள்.

போன வாரம் போயிருந்தபோது, மனசு கேட்காமல், "அப்பீல் போடாமலே இருந்திருக்கலாம்மா" என்றேன்.

அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். "நான் போனப்புறம் அவன் சாப்பிடணும்ல?" என்றாள். உடனே உள்ளறைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மெதுவா பேசு. முழிச்சுட்டுத்தான் இருக்கான்."