மரியபுஷ்பம் பிள்ளைகளிடம் சொன்னது

போன வாரம் மதிய இடைவேளையில், ஆர்.எஸ்.மங்கலத்தில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட வாசலில் மரியபுஷ்பத்தின் தம்பி வந்து நின்றார். பாம்பனிலிருந்து ரயிலும் பஸ்ஸும் மாறி வந்திருந்தார். "அக்கா போயிருச்சு டீச்சர். மஞ்சக் காமாலை. நேத்து அடக்கம் பண்ணிட்டோம்" என்றார். "யார் சொன்னது?" என்று அவரிடமே கேட்டேன். அவர் அழத் தொடங்கிய பிறகுதான் நம்பினேன்.

ராமநாதபுரத்தில் என்னோடும் மரியபுஷ்பத்தோடும் ஆசிரியர் பயிற்சி பெற்ற உங்களுக்கு என் குணம் தெரியும். புஷ்பத்தையும் நான் அப்படித்தான் சந்தேகப்பட்டேன்.

மாதிரிப் பள்ளியில் நான்காம் வகுப்புக்கு நான் எடுத்த முதல் பாடம் நினைவிருக்கிறதா? பின்வரிசையில் நீங்கள் எல்லோரும் குறை எழுத நோட்டோடு உட்கார்ந்திருந்தீர்கள். நான் கேட்ட கேள்விக்கு ஒரு கைகூட உயரவில்லை. அடுத்த கேள்வி எனக்கே மறந்துபோனது. "அடுத்த பாடமும் இப்படி என்றால் நீ ஊருக்குப் போய்விடலாம்" என்றார் மேற்பார்வை ஆசிரியை. ஊருக்குப் போனால் மறுபடியும் வயல் வேலைதான். எனக்குப் பாடம் நடத்த வராது என்று அன்றே முடிவு கட்டிவிட்டேன்.

இரண்டாவது பாடத்தில் கேள்வியை முடிப்பதற்குள் பத்துப் பதினைந்து கைகள் எழுந்தன. தேறிவிட்டேன். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அன்று காலை அந்தப் பிள்ளைகள் நடுவே புஷ்பம் குந்தியிருந்து ஏதோ பேசியதைப் பார்த்திருந்தேன்.

விடுதிக் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தவளை மடக்கினேன். "ஏண்டி, பதிலச் சொல்லிக் குடுத்தியா?"

"பதிலெல்லாம் சொல்லல. உங்களவிட அந்த டீச்சர்தான் பயந்துபோயி இருக்கு, தப்பாச் சொன்னாலும் அடிக்காது, கையத் தூக்குங்கன்னு சொன்னேன். அம்புட்டுத்தான்."

நான் நம்பவில்லை. அவளோடு பேசுவதை நிறுத்தினேன். பிறகு எடுத்த ஒவ்வொரு பாடத்திலும், பதில் சொல்லும் குழந்தையின் கண் அவள் பக்கம் போகிறதா என்றே பார்த்தேன். ஒரு சிறுமியைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தேன். "யாரும் சொல்லித் தரல டீச்சர்" என்றாள். அவளையும் நம்பவில்லை.

கடைசிப் பயிற்சிக்கு என்னைக் காரங்காட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கும் கைகள் எழுந்தன. பாடம் முடிந்ததும் தலைமை ஆசிரியரிடம் போய், "முந்தி இங்கே பாம்பன்காரப் பெண் யாராவது வந்தாளா?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "இங்கன நீ ஒருத்திதாம்மா வந்திருக்க" என்றார்.

திரும்பும் வழியெல்லாம் அந்த வார்த்தையையே நினைத்துக்கொண்டு வந்தேன். விடுதிக்கு வந்ததும் புஷ்பத்தின் பக்கத்தில் போய்ச் சாப்பிட உட்கார்ந்தேன். அவள் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

போன வருடம் பாம்பனுக்குப் போனபோது, அங்கே டீச்சராக இருந்த புஷ்பம் தன் வகுப்பில் என்னைப் பின்வரிசையில் உட்காரச் சொன்னாள். "இத்தன வருசமாச்சு. நான் சரியாத்தான் சொல்லிக் குடுக்குறேனான்னு இன்னும் தெரியலடி. நீதான் லேசுல எதையும் நம்ப மாட்டியே, பாத்துச் சொல்லு." எங்களில் துணிச்சல்காரி அவள்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். அவள் பாடத்தில் ஒரு குறையும் இல்லை. அதையே சொன்னேன்.

வெகுநேரம் என் முகத்தையே பார்த்தாள். "நெசமாவா?" என்றாள்.

நிஜம்தான் என்றேன். அவள் நம்பினாளா என்பது தெரியவில்லை. அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு வார்த்தையும், அதைக் கேட்டபோது அவள் பார்த்த பார்வையும்தான்.