துரைசானியின் விருந்தாளி

முதன்முதலில் நான் பார்த்தது ஒரு தலையை மட்டும்தான். மூடுபனி இறங்கிக் கிடந்த ஒரு சனிக்கிழமை மதியம். கரையில் யாரும் இல்லை. குளத்துத் தண்ணீர்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. வெள்ளைப் பனிக்கு நடுவே கொண்டை போட்ட தலை ஒன்று இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குச் சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. அப்படியே நின்றுவிட்டேன். தலை திரும்பி வந்தது. ஏணியைப் பிடித்து ஒரு பெண் ஏறினாள். கழுத்து முதல் முழங்கால் வரை மூடிய, கையால் தைத்த நீலநிற உடுப்பு. அவள் எங்கள் தோட்டத்துத் துரைசானி, நிர்வாகியின் மனைவி.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. மலேசியாவில், கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் நான் டைப்பிஸ்ட். தொழிலாளர் லயத்தில் பிறந்து, தானா ராத்தா டவுனில் பள்ளியிறுதியான ஐந்தாம் படிவம் முடித்து, ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் என்பதில் என் அப்பாவுக்குக் கொஞ்சம் பெருமை. ஆபீஸின் தலைமை எழுத்தரான பெரிய கிராணி என்னிடம் இன்னொரு வேலையும் கொடுத்திருந்தார். மலைச்சரிவில் இருந்த நீச்சல் கிளப்பின் பதிவேட்டையும் கூட்டக் குறிப்புகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை மதியம் அங்கே போனால், ஐந்து மணி லோரியில் திரும்புவேன். இன்று அந்தக் குளம் மண்மூடிப் போய்விட்டது. அதன்மேல் பிளாஸ்டிக் கூடாரம் போட்டு யாரோ ஸ்ட்ராபெரி வளர்க்கிறார்கள்.

வெள்ளைக்காரத் துரைமார் ஓடையை மறித்துக் கட்டிய குளம் அது. கல் சுமந்தவர்களில் என் தாத்தாவும் ஒருவர் என்று அப்பா சொல்லுவார். பக்கத்தில் கணப்பு அடுப்பு வைத்த மரவீடு. கிளப்பின் கதை முழுவதும் அந்தப் பதிவேட்டில் இருந்தது. முதல் பக்கங்கள் நிறைய வெள்ளைக்காரப் பெயர்கள். பிறகு அவற்றின்மேல் ஒவ்வொன்றாகச் சிவப்புக் கோடு. ஓரத்தில் சாய்வெழுத்தில் 'ஊர் திரும்பினார்' என்று ஒரு குறிப்பு. சுதந்திரத்துக்குப் பிறகு கோடுகள் கூடிக்கொண்டே போகும். நான் வந்த காலத்தில் வெள்ளைக்காரர் என்று ஒரே ஒரு கிழவர்தான் மிச்சம். அவர் தண்ணீரில் இறங்குவதில்லை, கணப்பருகே தூங்குவார். காலியான இடங்களில் நம்மவர் இருவர், அரசாங்க அதிகாரிகள் சிலர், பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கின் முதலாளிகள் சிலர் வந்திருந்தார்கள். ஆள் மாறினாலும் விதி மாறவில்லை. நிர்வாகிகளும் அவர்களுக்குச் சமமானவர்களும் மட்டுமே உறுப்பினர். அவர்களுடைய மனைவிமார் குளிக்கலாம், ஆனால் வாக்குக் கிடையாது, விருந்தாளியை அழைத்து வரும் உரிமையும் கிடையாது. ஆபீஸ் ஆட்களுக்கும் லயத்து ஆட்களுக்கும் வாசலோடு சரி.

எங்கள் துரைதான் அந்தத் தோட்டத்தின் முதல் தமிழ் நிர்வாகி, கிளப்புக்கும் தலைவர். துரைசானிக்கு முப்பது வயதிருக்கும். பிள்ளைகள் இல்லை. பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்த்த கண்டக்டரின் மகள். பங்களாவுக்கு வந்த பிறகு லயத்துப் பெண்கள் அவளைக் கண்டால் முக்காட்டை இழுத்துக்கொண்டு ஒதுங்குவார்கள். கிளப்புக்கு வரும் சீமாட்டிகளோ கணப்பருகே சீட்டாடுவார்கள், தண்ணீர்ப் பக்கம் தலைவைத்துப் பார்க்க மாட்டார்கள். இரண்டு பக்கமும் அவளுக்கு ஆளில்லை. இதெல்லாம் எனக்கு அப்போது புரிந்திருந்தது என்று சொன்னால் பொய். துரைசானிக்கு என்ன குறை என்றுதான் நினைத்தேன்.

சனிக்கிழமைகளில் அவள் துண்டைப் போர்த்திக்கொண்டு என் மேசையருகே வந்து நிற்பாள். முதலில் வானிலையைப் பற்றி, பிறகு வீட்டைப் பற்றி. அவளுக்கு நான்கு அண்ணன்மார். ஈயம் தோண்டி விட்டுப்போன குட்டையில் அவர்களோடு விழுந்து விழுந்து நீந்தப் பழகினாளாம். "எங்கம்மா பெரம்ப எடுத்துக்கிட்டு கரையிலயே நிப்பாங்க. மேல வந்தாத்தானே அடி? அதனால நாங்க வரவே மாட்டோம்" என்று சொல்லிச் சிரிப்பாள். சிரித்து முடித்ததும் முகம் சட்டென்று வெறிச்சோடிவிடும்.

அப்படி ஒரு சனிக்கிழமை, அபூர்வமாக வெயில் அடித்தது. கிளப்பில் எங்களைத் தவிர ஒருவருமில்லை. அவள் தண்ணீரில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"எறங்குறியா?"

"எனக்கு நீச்சல் தெரியாதும்மா."

"நிக்கத் தெரியுமில்ல? வா லா. என்னோட கைலி ஒண்ணு உள்ள தொங்குது, கட்டிக்கோ."

ஏன் போனேன் என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். வெயில்தான் காரணம் என்று சொல்லிக்கொள்வேன். கைலியைக் கட்டிக்கொண்டு இறங்கினேன். குளிர் எலும்பைக் கடித்தது. நாங்கள் நீந்தவில்லை. ஆழமில்லாத பக்கத்தில் பல் கிட்டிக்க நின்று பேசினோம், அவ்வளவுதான். அவள் நிறுத்தாமல் பேசினாள். அண்ணன்களைப் பற்றி, பங்களாவில் இரண்டு பேருக்குப் போட்டிருக்கும் பன்னிரண்டு நாற்காலி மேசையைப் பற்றி, சமையல்காரனிடம் தினமும் ஒரே நான்கு வார்த்தை பேசுவதைப் பற்றி. "இன்னிக்குத்தான் தங்கச்சி வாய் வலிக்கப் பேசியிருக்கேன்" என்றாள்.

அப்போது ஜீப் சத்தம் கேட்டது. பக்கத்துத் தோட்டத்து உதவி நிர்வாகியான சின்னத்துரை இரண்டு நண்பர்களோடு வந்திருந்தார். அவரும் நம்மவர்தான், உறுப்பினராகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. கரையில் நின்று என்னைப் பார்த்தார். நான் யார் மகள் என்று அவருக்குத் தெரியும். நண்பர்களைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை கூட்டம். குறிப்பெடுக்க மூலையில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். சின்னத்துரை எழுந்து, உறுப்பினரல்லாத ஒருவர் குளத்தில் இறங்கியதாக ஆங்கிலத்தில் புகார் சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை. குளத்தை வடித்துக் கழுவ வேண்டும் என்றார். என்னைப் பற்றிய புகாரை என் பென்சிலே எழுதிக்கொண்டிருந்தது. வெள்ளைக்காரக் கிழவர் சன்னலைப் பார்த்தார். மற்றவர்கள் தேநீர்க் கோப்பையைப் பார்த்தார்கள்.

கதவருகே சீமாட்டிகளோடு உட்கார்ந்திருந்த துரைசானி எழுந்தாள். பேச அவளுக்கு உரிமை இல்லை. அந்த அறையில் யாரும் கூட்டத்தில் பேசாத தமிழில் பேசினாள்.

"எழுதும்மா. நான்தான் அவளக் கூப்பிட்டேன். அவ என் விருந்தாளி. அவ எறங்குன தண்ணிய வடிக்கணும்னா நான் எறங்குனதுக்கும் சேத்து வடிங்க. எங்கப்பாவும் தோட்டத்துலதான் சம்பளம் வாங்குனாரு. இத அப்படியே எழுது."

என் கை நின்றுவிட்டது. துரை அவளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். குரலை உயர்த்தாமல், "அது வேண்டாம். தீர்மானத்தை மட்டும் எழுது" என்றார்.

நான் தீர்மானத்தை மட்டும் எழுதினேன். அனுமதியற்ற நபர் ஒருவர் குளத்தைப் பயன்படுத்தியதாகப் புகார் வந்தது, குளத்தைச் சுத்தம் செய்ய முடிவானது. இரண்டே வரி. அதில் அவளும் இல்லை, நானும் இல்லை. திங்கட்கிழமை டைப் செய்து ஆபீஸ் வாசல் அறிவிப்புப் பலகையில் குத்தினேன். மதியம் துரைசானி ஜீப்பிலிருந்து இறங்கி அதைப் படித்தாள். ஆபீஸ் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரலை வைத்து இரண்டாம் முறையும் படித்துவிட்டுப் போனாள்.

குளத்தை வடிக்க ஆறு ஆட்கள் போனார்கள். அப்பாவும் ஒருவர். இரண்டு நாள் சுண்ணாம்பும் தென்னந்துடைப்பமுமாகத் தேய்த்தார்கள். ஏன் தேய்க்கிறோம் என்று லயத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அப்பா சாயந்தரம் வந்து, வெந்துபோன கைகளுக்கு அம்மா எண்ணெய் தடவும்போது, "பாசி நெறைய இருந்திச்சி. கழுவ வேண்டியதுதான்" என்றார்.

கிளப் வேலையை வேறு யாருக்காவது கொடுக்கும்படி கிராணியிடம் கேட்டுக்கொண்டேன். துரைசானியின் ஜீப் வரும் சத்தம் கேட்டால் தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் இறங்கிவிடுவேன். அவள் சொன்னதை எழுதாமல் விட்ட கையை வைத்துக்கொண்டு எப்படி அவள் முகத்தைப் பார்ப்பது? ஒரே ஒரு முறை ஆபீஸ் வாசல்வரை வந்தாள். "நல்லா இருக்கியா?" என்று கேட்டாள். "நல்லா இருக்கேம்மா" என்றேன், டைப் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல். கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் செருப்புச் சத்தம் படி இறங்கிப் போனது. அடுத்த மூன்று வருடமும் சனிக்கிழமை தவறாமல் அவள் தனியாகக் குளத்துக்குப் போய்வந்தாள் என்று ஜீப் ஓட்டுநர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பிறகு துரைக்கு ஜொகூருக்கு மாற்றல். லோரியில் சாமான் ஏறியபோது நான் வழியனுப்பப் போகவில்லை.

எண்பதுகளில் அந்தச் சிவப்புக் கோடுகள் எல்லாப் பெயர்களையும் தின்று முடித்தன. கிழவர் இறந்தார். பிரிஞ்சாங் முதலாளிகளுக்கு ஹோட்டல்கள் வந்துவிட்டன. சின்னத்துரை வேறு மாநிலம் போனார். ஆள் இல்லாத கிளப்பை என்ன செய்வதென்று தெரியாமல், ஆபீஸ் ஆட்களும் தொழிற்சாலை ஆட்களும் குடும்பத்தோடு சேரலாம் என்று நிர்வாகம் அறிவித்தது. அந்த அறிவிப்பையும் நான்தான் டைப் செய்தேன். பதிவேட்டில் என் பெயரையும் சேர்த்தேன். முதல் ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சுவெட்டர் போட்டுக்கொண்டு வந்து, குளத்தைச் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். கணப்பருகே மீஹூன் சேமியா சாப்பிட்டார்கள். நான் மட்டும் தண்ணீரில் இறங்கினேன். "மேல வாங்கக்கா, சளி புடிச்சுக்கும்" என்று யாரோ கத்தினார்கள். அடுத்த வாரத்திலிருந்து படம் எடுக்கவும் யாரும் வரவில்லை. கழுத்தளவுத் தண்ணீரில் நான் தனியாக நடந்து பழகினேன்.

அந்தக் காலத்தில்தான் ஒருநாள் தானா ராத்தா பஸ் நிலையத்தில் அவளைப் பார்த்தேன். வெள்ளைச் சேலை, கையில் மருந்துப் பை. துரை போன வருடம் இறந்துவிட்டாராம். ஈப்போவில் ஓர் அண்ணன் வீட்டில் இருக்கிறாளாம். பழைய சமையல்காரனுக்கு உடம்பு சரியில்லை என்று ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தாளாம். தப்பித்து ஓட அங்கே குறுக்குப் பாதை இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். பன்னிரண்டு வருடமாகச் சுமந்ததைச் சொல்லிவிட்டேன். "நீங்க சொன்னத நான் எழுதல, மன்னிச்சிடுங்கம்மா."

அவள் என்னை வியப்போடு பார்த்தாள்.

"அதுக்கா? எழுதியிருந்தா ஒன் வேல போயிருக்கும்னு எனக்குத் தெரியாதா? நீ எழுதலன்னு எனக்குக் கோவமே இல்ல தங்கச்சி. நீ மறுபடி எங்கூடப் பேச வரலியே, அதான். இன்னிக்கு வருவே, இன்னிக்கு வருவேன்னு சனிக்கெழம சனிக்கெழம பாத்தேன்."

கிளப்பில் நான் இப்போது உறுப்பினர் என்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் இறங்குவதாகவும் ஒருவாறு சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது.

"தண்ணி அதே குளிர்தானா?"

"அதே குளிர்தாம்மா."

"தனியாவா எறங்குற?"

தலையசைத்தேன்.

"வேணாம். நீந்துறப்போ ஒண்ணும் தெரியாது. ஏறி வந்து துண்ட எடுக்கறப்போ கரையில ஒருத்தரும் இல்லன்னா, அதான் தாங்காது. யாரயாவது கூட்டிட்டுப் போ."

மலையிறங்கும் தாப்பா பஸ் வந்தது. என் கையை ஒரு முறை அழுத்திவிட்டு ஏறிப் போனாள். பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிளப்புக்குப் போகும் வழியில் மூன்று வீட்டுக் கதவைத் தட்டினேன். ஒருத்திக்குத் துணி துவைக்க இருந்தது. ஒருத்தி மழை வரும் என்றாள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் வேலை செய்த மூன்றாமவள், "நான்லாம் எறங்க மாட்டேன். வேணும்னா கரையில குந்திக்கிட்டு இருக்கேன்" என்றாள். குடையைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாள். மாமியாரைப் பற்றிக் குறைசொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்குப் பாதி காதில் விழவில்லை. நான் ஏறி வந்ததும் பேச்சை நிறுத்தாமலே துண்டை எடுத்து நீட்டினாள். எனக்கு அதைக் கைநீட்டி வாங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.