அடியில்லாத பேணி

அண்ணியின் குசினியை ஒதுக்கப் போன இடத்தில் ஒரு பால்மாப் பேணி அகப்பட்டது. மூடி இருக்கிறது, அடி இல்லை. அடித்தகரத்தை யாரோ வெட்டி எடுத்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, அண்ணைதான். அவர் வெட்டும்போது பேணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான்.

மூக்கருகே கொண்டுபோனேன். கரிப்புகை மணத்தது. உண்மையில் தகரம் தகரமாகத்தான் மணத்திருக்கும். ஆனால் என் மூக்கு என் சொல் கேட்கிற மூக்கல்ல.

நாடு கடனில் மூழ்கி வங்குரோத்தாகி, டீசல் வரிசைகளில் கிடந்து நாங்கள் எல்லோரும் கறுத்த வருசம் அது. அண்ணையின் லொறியில் மனிபோல்ட் வெடித்துவிட்டது. இஞ்சினின் விலாவோடு ஒட்டிக்கொண்டு, எரிந்த புகையையெல்லாம் ஒன்றாக்கி அனுப்புகிற வார்ப்பிரும்புக் குழாய். அந்தப் புகை நேரே வெளியே போகாது. டேர்போ என்கிற நத்தை வடிவச் சட்டிக்குள் புகுந்து, அங்கே ஒரு சின்னக் காற்றாடியைச் சுற்றிவிட்டுத்தான் போகும். அந்தச் சுற்றலின் விசில்தான் லொறியின் இழுவை. மனிபோல்ட் வெடித்தால் விசில் இல்லை, இழுவை இல்லை, உள்ளே இருப்பவருக்கு மூச்சும் இல்லை.

எங்கள் பக்கத்தில் ‘வெளிக்கிடு’ என்றொரு சொல் இருக்கிறது. உடுத்துப் பவுடர் பூசுவதும் வெளிக்கிடுதல், படலையைத் தாண்டுவதும் வெளிக்கிடுதல், நாட்டை விட்டே போவதும் அதே வெளிக்கிடுதல். ஒரே சொல்லுக்குள் சீப்பும் கிடக்கிறது, விமானமும் கிடக்கிறது.

சண்டிலிப்பாயில் வெங்காயம் கிண்டி, பிடிபிடியாகக் கட்டி, வரம்போரம் அடுக்கியிருந்தார்கள். மழை கறுத்துக்கொண்டு வந்தது. அண்ணை ஏற்றாவிட்டால் வேறு லொறி ஏற்றும். பிறகு அந்தத் தோட்டக்காரர் அண்ணையைக் கூப்பிட மாட்டார்கள். முற்றத்து வேம்படியில் லொறியின் முகத்தை முன்னே கவிழ்த்து இஞ்சினைத் திறந்துவிட்டு அவர் சொன்னார்:

“இண்டைக்கு இது வெளிக்கிடாட்டி, நான் வெளிக்கிடுறன்.”

எங்கே என்று யாரும் கேட்கவில்லை. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரனின் போன் கோல் வந்து வந்து போனதை வீட்டில் எல்லோரும் அறிவோம். அண்ணி மட்டும் தேங்காய் துருவியபடி, “வெளிக்கிட முதல் கையைக் கழுவுங்கோ. உந்தக் கையோடை உங்களைப் பிளேனிலை ஏத்த மாட்டாங்கள்” என்றார்.

சிரித்தோம். துருவுகிற சத்தம் நின்றுபோயிருந்ததைச் சிரித்து முடித்த பிறகுதான் கவனித்தேன்.

துருவேறிய நட்டுகள் லேசில் கழலவில்லை. அண்ணை சூடு காட்டினார், எண்ணெய் விட்டார், கெஞ்சினார், கடைசியில் தூஷணத்தால் பேசினார். கவிதை எழுதுகிறவன் என்று என்னிடம் தரப்பட்ட வேலை, கழன்றவற்றைச் சிரட்டையில் போட்டுக் காவல் இருப்பது. செத்துப்போன ஒரு லொறியிலிருந்து எடுத்த மாற்று மனிபோல்ட்டை ஏற்றி, நடுவிலிருந்து இரு பக்கமும் முறுக்கிக்கொண்டு போனார். எல்லாம் பொருந்தியது. மனிபோல்ட்டும் டேர்போவும் முட்டுகிற இடத்தில் புகை கசியாமல் வைக்கிற கஸ்கற் மட்டும் இல்லை. உள்ளங்கை அளவுத் தகடு. தெரிந்த கடைக்கெல்லாம் போன் அடித்தோம். “கொழும்பிலையே இல்லை” என்றார்கள்.

அப்போதுதான் அண்ணை சிரித்தார். இன்றைக்கும் எனக்குப் பயம் தருவது அந்தச் சிரிப்பு.

“சண்டை நாளிலை டீசலுக்குத் தடை போட்ட காலத்திலை மண்ணெண்ணெயிலை லொறி ஓட்டின ஆக்களடா நாங்கள். ஒரு தகரத்துக்கோ அழுறது? இஞ்சாரும், அந்தப் பால்மாப் பேணியைத் தாரும்.”

“அதுக்குள்ளை சீனி கிடக்கு” என்றார் அண்ணி.

“கொட்டும். வாழ்க்கையே கொட்டுப்படுது, சீனிக்கென்ன.”

அண்ணி கடதாசியை விரித்துக் கொட்டினார். மறுத்துச் சொல்ல எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சில்லைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலி கேட்ட சனம் நாங்கள். இல்லாததன் இடத்தில் இருந்ததை வெட்டி வைத்தோம். அது வேலையும் செய்தது. அந்தத் திமிர் எலும்பில் ஊறிக் கிடந்தது.

அண்ணை அடித்தகரத்தைக் கஸ்கற் அளவுக்கு வெட்டினார். புகை போகிற நடுத்துளை கொஞ்சம் சிறுத்துவிட்டது. நகக்கண் அளவு தகரம் துளைக்குள் நீட்டிக்கொண்டு நின்றது.

“அண்ணை, உது உள்ளுக்கு நிக்குது.”

“நிண்டா நிக்கட்டும். எரிஞ்சு சைலன்சராலை போயிடும்.”

பழைய லொறிகளில் அப்படித்தான் போயிருக்கும். அந்த லொறிகளில் டேர்போ இல்லை.

ஸ்டார்ட் எடுத்தார். விசில் வந்தது, மெல்லிசாக, சுத்தமாக. சந்திப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு நேரே சண்டிலிப்பாய் என்று முடிவானது. அண்ணியும் வெளிக்கிட்டார். மயில்கழுத்து நிறச் சேலை, தலையில் பூ. முன்சீற்றில் பெண்பார்க்க வந்தவர்கள் முன் இருப்பது போல நேராக இருந்தார். பின்பெட்டியில் ஏறப்போன என்னைக் கூப்பிட்டு, “திரும்பி வரேக்கை வெங்காயத்துக்குப் பக்கத்திலை இருந்தா நல்லம் தம்பி. ஏன் அழுறாய் எண்டு ஒருத்தரும் கேக்காயினம்” என்றார்.

தேங்காய் நன்றாகத்தான் உடைந்தது. சந்தி தாண்டியதும் அண்ணை காலை அழுத்தினார். விசில் ஏறியது, இன்னும் ஏறியது. பிறகு ஒரு சின்னக் ‘கிளிங்’. கிணற்றுக்கட்டில் கரண்டி விழுந்த மாதிரி. அதன்பின் ஓர் ஊளை. அதன்பின் நீலப்புகை. அதன்பின் ஒன்றுமில்லை. தகரம் எரியவில்லை. முறிந்து உள்ளே போய், காற்றாடியின் இதழ்களையெல்லாம் தின்றுவிட்டது.

நான் குதித்து முன்னே ஓடினேன். அண்ணையின் கை ஸ்டியரிங்கிலேயே இருந்தது. மழை விழத் தொடங்கியது.

“இஞ்சாருங்கோ, வீட்டை போவம்” என்றார் அண்ணி.

“ஓம்.”

இரண்டு பேரும் அசையவில்லை. கதவைத் திறக்கக் கை வைத்த நான், வைத்தபடியே நனைந்துகொண்டு நின்றேன்.

அந்த மாரி முடியமுதல் அண்ணை வெளிக்கிட்டார். லொறி துண்டுதுண்டாகப் பழைய இரும்புக்குப் போனது. போன கிழமை அண்ணியும் வெளிக்கிட்டார். அதே மயில்கழுத்துச் சேலை. எயர்போட்டுக்குப் போகிற வாடகை வானுக்குள் இருந்தபடி, பூட்டிய வீட்டின் திறப்பை என் கையில் வைத்தார். பகிடி ஒன்றும் விடவில்லை.

பால்மா இப்போது பைக்கற்றில்தான் வருகிறது. இந்தப் பேணியில் சீனி நிற்காது, உப்பு நிற்காது. எறியவும் முடியவில்லை. மூடியைக் கழற்றி, பேணியைக் கண்ணில் வைத்து யன்னலால் முற்றத்தைப் பார்த்தேன். வேம்படியில் லொறி நின்ற இடம் வட்டத்துக்குள் வந்தது. எண்ணெய் குடித்துக் கறுத்த நிலம். அதில் இனி ஒன்றுமே முளைக்காது என்று நம்பியிருந்தேன். அந்த ஒன்றையாவது நம்பியிருந்தேன்.

புல் முளைத்திருந்தது.